பன்னிரண்டரை மணி நேரம் தள்ளிப்போன தூக்கம்

தஞ்சாவூரில் காலை ஏழு மணி என்றால் சான் பிரான்சிஸ்கோவில் முந்தைய நாள் மாலை ஆறரை. கோடையில் இந்தப் பன்னிரண்டரை மணி நேரக் கணக்கு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைத்த பிறகு பதின்மூன்றரை. சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம், லண்டனுக்குக் கோடையில் நாலரை. அங்கெல்லாம் தூக்கம் கொஞ்சம் முன்னே பின்னே நகரும். கலிபோர்னியாவில் உடம்பின் நள்ளிரவு அப்படியே பட்டப்பகலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்கள் சொல்லும் யோசனைகளைப் பாதிதான் எடுத்துக்கொள்ள முடியும்.

மகளுக்கு அங்கே பிரசவம். குழந்தை பிறந்து இரண்டாவது வாரம், ஜூன் மாதத்தில், நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். நான் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் மின்வாரியத்தில் இருந்தவர், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். வேலைக்காக அடிக்கடி பறக்கும் இளைஞர்களின் அனுபவத்தோடு எங்களுடையது ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

கிளம்புவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். “ஒரு வாரம் முன்னாடியிருந்தே ராத்திரி முழிச்சுப் பழகு” என்பது அதில் முக்கியமானது. மூன்று, நான்கு மணி நேர வித்தியாசத்துக்கு, படுக்கும் நேரத்தைத் தினமும் அரை மணியாக நகர்த்திப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. பன்னிரண்டரை மணி நேரத்தை ஊரில் உட்கார்ந்தபடி நகர்த்த நினைத்தால் உடம்புதான் கெடும். நான் பார்த்துக்கொண்டது ஒன்றைத்தான்: தூக்கக் கடனோடு விமானம் ஏறக் கூடாது. சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போகும் விமானங்களில் பல, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் கிளம்புகின்றன. வெளியூர்க்காரர்கள் காலையில் ஊரில் கார் ஏறி, சாயங்காலம் சென்னை வந்து, சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுப் பேசிவிட்டு, அப்படியே மீனம்பாக்கம் போய்விடுவார்கள். பயணம் தொடங்கும் முன்பே ஒரு ராத்திரி போய்விடும். நாங்கள் முந்தின நாளே தாம்பரத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டோம். கிளம்பும் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் தூங்கினோம். பலகாரம் செய்து கொடுத்தனுப்பும் வேலை அத்தனையும் முந்தின ராத்திரியே முடிந்திருந்தது.

சென்னையிலிருந்து துபாய் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய பதினாறு மணி நேரம். இந்த இரண்டாவது விமானத்தில் எப்போது தூங்குவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. துபாயில் காலை ஒன்பது மணிக்கு விமானம் மேலே ஏறினால், போய்ச் சேரும் ஊரில் அப்போது ராத்திரி பத்து. ஆகவே முதல் எட்டு மணி நேரம்தான் அந்த ஊரின் ராத்திரி. பிற்பாதி அந்த ஊரின் பகல். ஆனால் விமானத்தில் ஏறியதும் சாப்பாடு வரும், எதிரே திரையில் சினிமா ஓடும், பக்கத்துச் சீட்டுக்காரர் பேச்சுக்கொடுப்பார். எல்லாரும் முதல் பாதியில் முழித்திருந்து பிற்பாதியில் தூங்குவார்கள். நாங்கள் சைவச் சாப்பாடு முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் கண்ணுக்கு மறைப்புத் துணி, காதுக்குப் பஞ்சு. பணிப்பெண்ணிடம் எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜூன் மாதத்தில் இந்த வழி வட துருவத்தை ஒட்டிப் போகும்போது வெளியே சூரியன் மறைவதே இல்லை. ஜன்னல் மூடியை யாராவது தூக்கினால் கத்தி மாதிரி வெளிச்சம் உள்ளே பாயும். கண் மறைப்பு இல்லாமல் முடியாது.

விமானத்துக்குள் காற்று மிகவும் காய்ந்தது. ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே இருக்கும். தொண்டை வறண்டு தலை வலித்தால் அதை ஜெட்லாக், அதாவது நேர மாற்றத்தால் வரும் உடம்புத் தடுமாற்றம், என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் பாதி, தண்ணீர் குடிக்காததன் விளைவு. முழித்திருந்த நேரமெல்லாம் நடைபாதையில் நடந்து, பின்பக்கம் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். கால் வீங்காமல் இருக்கவும் அந்த நடை உதவியது.

மத்தியானம் ஒரு மணி வாக்கில் இறங்கினோம். தஞ்சாவூரில் அப்போது இரவு ஒன்றரை. குடியேற்ற வரிசையில் நின்று, “எத்தனை மாதம் இருப்பீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள்” என்ற கேள்விகளுக்கு அரைத் தூக்கத்தில் பதில் சொல்ல வேண்டும். முகவரியை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. வீட்டுக்குள் நுழைந்து குழந்தையைப் பார்த்து, குளித்து, சோபாவில் சாய்ந்தபோது மாப்பிள்ளை விடவில்லை. “அத்தை, இப்ப கண்ணை மூடினா அவ்வளவுதான். வாங்க, பார்க் வரைக்கும் நடந்துட்டு வருவோம்” என்று இரண்டு பேரையும் கிளப்பிவிட்டார். அந்த ஊரில் ஜூனில் எட்டரை மணிக்குத்தான் இருட்டும். நின்ற இடத்தில் தூங்கிவிடலாம் போல இருந்தது. ரசம் சாதம் சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தோம்.

இரவு இரண்டு மணிக்குக் கண் திறந்தது. தூக்கத்தின் மிச்சம் துளிகூட இல்லை. கூடவே அகோரப் பசி. ஊரில் அப்போது மத்தியானம் இரண்டரை, சாப்பிட்டுக் கை கழுவும் நேரம்.

வகுப்பில் பலமுறை சொல்லிக்கொடுத்தது அன்றைக்குத்தான் என் உடம்பில் நடந்தது. உடம்பின் மூலக் கடிகாரம் மூளையில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னக் கொத்து. கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. கல்லீரல், குடல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அவை பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடுகின்றன. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். தலையும் வயிறும் வெவ்வேறு வேகத்தில் புது ஊருக்குப் பழகுவதால்தான் தூக்கம் சரியான பிறகும் சில நாள் மலச்சிக்கலும் மந்தமும் விடுவதில்லை.

என் தரப்பில் சொல்ல வேண்டியது இதுதான்: தூக்கத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக எழுந்திருக்கும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் உடம்பின் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது தூக்கம் தாமதமாக வரும். அதற்குப் பின்னால் படுவது முன்னுக்கு இழுக்கும், தூக்கம் சீக்கிரமே வரும். நான் ஊரில் ஆறு மணிக்கு எழுந்திருப்பவள். ஆக, என் உடம்பின் அடிமட்டம் காலை நாலு மணிக்குப் பக்கத்தில். கலிபோர்னியாவில் அது பிற்பகல் மூன்றரை. சொல்லி வைத்தது போல முதல் நாட்களில் மூன்று, மூன்றரைக்குத்தான் கண் இருட்டிக்கொண்டு வந்தது, உடம்பு சில்லென்று ஆகி சால்வை தேடியது. வெளியே நல்ல வெயில்!

மனிதக் கடிகாரத்தின் சுற்று இருபத்துநாலு மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதனால் அதைப் பின்னுக்குத் தள்ளுவது சுலபம், முன்னுக்கு இழுப்பது கடினம். மேற்கே போகிறவர்கள் சீக்கிரம் தேறுவதற்கும் காரணம் அதுவே. பன்னிரண்டரை மணி நேரத்தில் எந்தப் பக்கமாகவும் நகரலாம். நான் பின்னுக்குத் தள்ளுவது என்று முடிவு செய்து, காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் முடிந்தவரை வெளியில் இருந்தேன். துணி மடிப்பது, கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது எல்லாம் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்துதான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெளியே போனால் மகளின் கறுப்புக் கண்ணாடி. பாட்டிக்குக் கூலிங்கிளாஸா என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் மூன்றரை மணிக்கு வந்த அசதி சில நாளில் ஐந்து மணிக்கு வந்தது. பிறகு ஏழுக்கு, அப்புறம் சாப்பாட்டு நேரத்துக்கு. அது நகர்வது கண்ணுக்குத் தெரிந்தபோது தைரியம் வந்துவிட்டது.

வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் ஆகாது. திரைச்சீலையை இழுத்துவிட்டு மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்குவார். ராத்திரி ஒரு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து செய்தி பார்ப்பார். ஊரில் எட்டு மணிக்கு வரும் சீரியலை இங்கே காலை ஏழரைக்கு இட்லியோடு பார்ப்பது மட்டும்தான் அவருக்கு உடனே பழகியது. நான் நேரான பிறகும் அவர் தஞ்சாவூரில்தான் இருந்தார்.

சிக்கல் ராத்திரியில். பிறந்த குழந்தைக்குப் பகல், இரவு என்பதே கிடையாது. இரண்டு, மூன்று மாதம் ஆனால்தான் அந்தத் தாளம் பிடிபடும். இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு கிடக்கும் பாட்டி வீட்டில் இருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். “அம்மா, நீ எப்படியும் முழிச்சுத்தானே இருக்கே” என்று மகள் பால் கொடுத்ததும் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கப் போவாள். பாவம், அவளுக்கும் வேறு வழியில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் டயப்பர் மாற்றப் பெரிய விளக்கைப் போட்டால், கடிகாரத்தை நகர்த்துவதற்காகப் பகலெல்லாம் பட்ட பாட்டுக்குப் பலன் பாதிதான். ஒரு மங்கலான மஞ்சள் விளக்கு வாங்கித் தரையோடு வைத்தோம். கைப்பேசியை அந்த அறைக்குள் கொண்டுபோவதை நிறுத்தினேன். ஊரில் மத்தியானச் சாப்பாடு முடித்து ஓய்வாக இருக்கும் அக்கா சரியாக அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள், “அங்கே இப்ப என்ன மணி?” என்று கேட்பதற்காகவே. முதல் வாரம் தாண்டியதும் ராத்திரிப் பொறுப்பை மாப்பிள்ளையும் மகளும் எடுத்துக்கொண்டார்கள், காலை ஐந்து மணிக்கு மேல் என் முறை. அதற்கப்புறம்தான் நான் முழுதாகத் தேறினேன்.

சாப்பாட்டில் ஒரு விதி வைத்துக்கொண்டேன். இரண்டு மணிப் பசிக்குச் சோறு கிடையாது. ஒரு வாழைப்பழம் அல்லது அரை டம்ளர் மோர், அவ்வளவுதான். அந்த நேரத்தில் தட்டு போட்டால் வயிறு அதையே மத்தியானம் என்று நம்பிக்கொண்டிருக்கும். காலை எட்டு மணி டிபனைப் பசியில்லாவிட்டாலும் தவறவிடவில்லை. காபி மத்தியானம் பன்னிரண்டோடு சரி. குடித்த காபியிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். தஞ்சாவூர்க்காரிக்கு நாலு மணி டிகாஷன் இல்லாத சாயங்காலம் என்பது தண்டனைதான். பகல் தூக்கம் வந்தே தீரும் என்றால் இரண்டு மணிக்கு முன்னால் அரை மணி நேரம், அலாரம் வைத்து, நாற்காலியில் சாய்ந்தபடி. கட்டிலில் படுத்தால் யார் எழுப்பினாலும் எழுந்திருக்க முடியாது.

இருட்டியதும் உடம்பே சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலட்டோனின், மாத்திரையாக அங்கே மருந்துச் சீட்டு இல்லாமல் கடை அலமாரியிலேயே கிடைக்கிறது. பத்து மில்லிகிராம் வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு வேண்டியதில்லை, அரை மில்லிகிராமிலிருந்தே வேலை செய்யும். எங்கள் குடும்ப டாக்டரைக் கேட்டுவிட்டு, படுக்கும் நேரத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதம் சில நாள் போட்டேன். சீக்கிரம் தூக்கம் பிடித்தது. இரண்டு மணி விழிப்பை அது தடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவருடைய சர்க்கரை மாத்திரை உணவோடு போடுவது என்பதால் கடிகாரத்தைப் பார்க்காமல் சாப்பாட்டைப் பார்த்துப் போடச் சொன்னார். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது போதாது. மேற்கே போகும்போது நாள் நீளும், கிழக்கே வரும்போது குறுகும், அளவும் நேரமும் அதற்கேற்ப மாறும். கிளம்பும் முன்பே டாக்டரிடம் பயண நேரத்தைக் காட்டி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

திரும்பி வந்தது டிசம்பரில், மார்கழி பிறக்கும் சமயம். போனதைவிட வந்ததுதான் படுத்தியது. அங்கே வெளியே இழுத்துப்போக மாப்பிள்ளை இருந்தார், பிள்ளையின் வேலை இருந்தது. இங்கே சொந்தக் கட்டில், சொந்தத் தலையணை, கேட்பார் கிடையாது. அசதி மத்தியானம் அழுத்தும்போது சரியாக விருந்தாளிகள் வருவார்கள், குழந்தை போட்டோ பார்க்க. நடுராத்திரி கடந்ததும் விழிப்பு வந்துவிடும். நல்ல வேளையாக மாதம் கைகொடுத்தது. நாலரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, தெருவெல்லாம் கோலம். முழித்திருக்கிறவளுக்கு வேலை இருந்தது. தெருவிலேயே பெரிய கோலம் எங்கள் வாசலில்தான், புள்ளி வைக்க அவ்வளவு நேரம். வெயில் வந்ததும் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம். பொங்கலுக்குள் பழைய நேரம் வந்துவிட்டது. அவர் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் மாலை ஆறு மணிக்கே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது சம்பந்தியம்மாவின் முறை. மாப்பிள்ளையின் அம்மா, மதுரைக்காரர், பிப்ரவரியில் கிளம்புகிறார். பருப்புப்பொடி எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், சால்வை வேண்டுமா என்று கேட்கத்தான் போன் செய்தார். குளிர்காலத்தில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுவதால், பகல் வெளிச்சம் கிடைக்கும் நேரம் குறைவு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குள் உட்காராதீர்கள் என்றேன். மஞ்சள் விளக்கு எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொன்னேன். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தாலும் முதல் வாரம் அதை மருமகளிடம் சொல்லிவிட வேண்டாம் என்பதையும் சொல்லி வைத்திருக்கிறேன். என் மகள்தான், இருந்தாலும்.