நுரைத்தது யார்? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பிராக்டிகலில் நான் கற்றது

இரண்டாம் ஆண்டு மைக்ரோபயாலஜி பிராக்டிகலில் எனக்கு வந்தது ஒரு பிளட் அகார் தட்டு, அதாவது ரத்தம் கலந்த கிருமி வளர்ப்புத் தட்டு. குட்டிக் குட்டிக் காலனிகள், சுற்றிலும் தெளிவான வளையம். கிராம் ஸ்டெய்னில் ஊதா நிறக் கோளங்கள். சங்கிலியா (ஸ்ட்ரெப்டோகாக்கஸ்), கொத்தா (ஸ்டெஃபைலோகாக்கஸ்) என்று நின்று பார்க்கப் பொறுமையில்லை. லூப்பால் அழுத்திச் சுரண்டி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்தேன். நுரைத்தது. கேட்டலேஸ் (பெராக்சைடை உடைத்து நுரைக்க வைக்கும் நொதி) பாசிட்டிவ், ஸ்ட்ரெப்டோகாக்கஸில் அது கிடையாது, அப்போது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று எழுதிவிட்டு அதன் அடுத்த டெஸ்டான கோஆகுலேஸ் பக்கம் போய்விட்டேன்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "நுரைத்தது கிருமியா, ரத்தமா?"

சிவப்பணுக்களிலும் கேட்டலேஸ் இருக்கிறது. காலனியோடு அகாரையும் சுரண்டினால் கிருமி சும்மா இருந்தாலும் ரத்தம் நுரைக்கும். காலனியின் உச்சியை மட்டும் மரக்குச்சியிலோ கண்ணாடிக் கோலிலோ தொட்டு எடுங்கள். நிக்ரோம் லூப்பே சில சமயம் குமிழி விடும், அதை நம்பாதீர்கள்.

அதுவரை நான் டெஸ்டுகளை ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்திருந்தேன். அப்படிப் படித்தால் ஒரு கட்டம் தவறினாலும் எல்லாம் கலைந்துவிடும். அப்புறம்தான் வரிசையாகக் கேள்வி கேட்டுப் படிக்க ஆரம்பித்தேன். கேட்டலேஸ் நெகட்டிவ், அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பக்கம் என்றால் அடுத்த கேள்வி ஹீமோலிசிஸ், கிருமி சிவப்பணுக்களை எவ்வளவு சிதைக்கிறது என்பது. தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மேஜையில் வைத்துப் பார்த்தால் அரைகுறைச் சிதைவான ஆல்ஃபாவின் பச்சை சாயல் கண்ணில் படாது.

பச்சை என்றால் ஆப்டோசின் என்ற மருந்து தடவிய டிஸ்க். 6 மி.மீ. டிஸ்க்கைச் சுற்றி 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளையம் வந்தால் நிமோகாக்கஸ். அதைவிடச் சின்ன வளையம் வந்தால் பைல் கரைதிறன் (பித்த உப்பில் கிருமி கரைகிறதா என்று) பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வளையமே இல்லையென்றால் விரிடன்ஸ், பல் பிடுங்கிய பிறகு இதய வால்வில் போய் உட்காரும் கூட்டம்.

முழுத் தெளிவு, அதாவது பீட்டா என்றால் லான்ஸ்ஃபீல்ட் குழு. செல்சுவர் கார்போஹைட்ரேட்டை வைத்து ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் 1933-ல் பிரித்தது. பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மடங்கி, பிஒய்ஆர் என்ற நொதி டெஸ்டில் பாசிட்டிவும் ஆனால் ஏ குழு, அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ். பி குழுவுக்கு கேம்ப் டெஸ்ட். இது ஏதோ வேதிப்பொருளின் சுருக்கம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கிறிஸ்டி, அட்கின்ஸ், மஞ்ச் பீட்டர்சன் என்ற மூவரின் பெயர்தான் அது. நடுவில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸை ஒரு கோடாக இழுத்து, அதைத் தொடாமல் செங்குத்தாக நம் கிருமியை இழுக்க வேண்டும். மறுநாள் இரண்டும் நெருங்கும் இடத்தில் அம்புமுனை போலத் தெளிவு தெரியும். கோடுகள் தொட்டுவிட்டால் படிக்கவே முடியாது, அவசரத்தில் எல்லோரும் செய்யும் தப்பு. பச்சிளம் குழந்தைகளின் மூளைக்காய்ச்சலில் இந்த பி குழுக் கிருமிக்குப் பெரிய பங்கு இருப்பதால் வைவாவில் இதை விடமாட்டார்கள்.

முன்பு ஸ்ட்ரெப்டோகாக்கஸோடு சேர்த்திருந்த என்டரோகாக்கஸ் இப்போது தனிப் பேரினம். 6.5% உப்பிலும் வளரும், பைல் எஸ்குலின் என்ற வளர்ப்பு ஊடகத்தைக் கருப்பாக்கும். போதும்.

தியரியில் நிறையப் பேர் வழுக்கும் இடம் ஏஎஸ்ஓ, அதாவது ஏ குழுக் கிருமியின் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சுக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடியை அளக்கும் டெஸ்ட். ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் தொண்டைத் தொற்றுக்குப் பிறகு வருவது. சிறுநீரக அழற்சி தொண்டைக்குப் பிறகும் வரும், தோல் புண்ணுக்குப் பிறகும் வரும். தோல் தொற்றில் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ-வைத் தோலின் கொழுப்பு கட்டிப்போட்டுவிடுவதால் ஏஎஸ்ஓ அவ்வளவாக ஏறாது. காலில் ஆறிவரும் புண், முகம் வீக்கம், சிவந்த சிறுநீர், ஏஎஸ்ஓ நார்மல் என்று ஒரு குழந்தையின் கதையைக் கொடுத்து அடுத்து என்ன கேட்பீர்கள் என்றால், ஆன்டி டிஎன்ஏஸ் பி (அதே கிருமியின் இன்னொரு நொதிக்கு எதிரான ஆன்டிபாடி) என்று எழுதுங்கள்.