சலேத் மாதாவிடம் கொண்டுபோன பயம்

காட்ரோட்டைத் தாண்டிப் பேருந்து கொடைக்கானல் மலை ஏறத் தொடங்கியதும் என் உள்ளங்கைகள் வியர்த்துவிட்டன. டம்டம் பாறை வளைவில் ஒருபுறம் பள்ளம் தெரிந்தபோது நெஞ்சு படபடக்க, மூச்சுக் குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் இதே படபடப்பு வந்து, மாரடைப்பு என்று பயந்து வீட்டார் என்னை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈ.சி.ஜி.யில் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்கு இருப்பது பதற்ற நோய் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறேன், பலனும் இருக்கிறது. ஆனால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒருவர், விசுவாசம் உள்ளவனுக்குப் பயம் எப்படி வரும் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு மட்டும் மாத்திரை கிடைக்கவில்லை. அதன் பிறகு செபமாலையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்குப் போய்வருமாறு சொன்னவர் எங்கள் பங்குத்தந்தை. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் நான் என் பயத்தை ஒரு பாவமாக அறிக்கையிட்டபோது அவர் என்னை இடைமறித்து, "இது பாவம் இல்லையப்பா, மாத்திரையை நிறுத்திவிடாதே, செபத்தையும் நிறுத்திவிடாதே" என்றார். பிரான்சு நாட்டுச் சலேத் மலையில் மாதா காட்சி தந்த வரலாற்றைக் கடைசி வரிவரை படித்துவிட்டுப் போ என்றும் சொல்லி அனுப்பினார்.

திருவிழாக் காலமான ஆகஸ்டு 14, 15 தேதிகளில் போனால் கூட்டத்தில் ஓரிடத்தில் நின்று செபிக்க முடியாது என்பதால், சாதாரண வாரநாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பெருமாள்மலையைத் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. பள்ளம் கண்ணுக்கு மறைந்ததால் எனக்கு நிம்மதி. ஜன்னலோரத்தில் இருந்த சுற்றுலாப் பயணிகளுக்கோ ஏமாற்றம். இந்த ஊரே ஒருவகையில் பயத்தினால் பிறந்த ஊர்தான். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்கள், எஞ்சியவர்களையாவது காப்பாற்ற வேண்டுமென்று 1845ஆம் ஆண்டு இங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்களுக்குப் பின் வந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருவான லூயி சேன்சீர், 1860களில் சலேத் அன்னைக்கு இந்த ஆலயத்தை எழுப்பினார்.

ஆலயத்திற்குள் நான் நுழைந்தபோது திருப்பலி முடிந்திருந்தது. ஐந்தாறு பேர் மட்டும் முழந்தாளிட்டிருந்தார்கள். கடைசி இருக்கையில் அமர்ந்து, முந்தின வாரம் படித்த வரலாற்றை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

1846 செப்டம்பர் 19ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில், கோர் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள சலேத் மலைச் சரிவில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்சிமின் என்ற இரு பிள்ளைகள் ஒரு பெண்மணியைக் கண்டார்கள். அந்த அம்மாள் கைகளில் முகத்தைப் புதைத்து, உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவர் மார்பில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தின், அதாவது இயேசு அறையுண்ட சிலுவையின், இருபுறமும் ஒரு சுத்தியலும் ஒரு குறடும் இருந்தன. பிரெஞ்சு மொழியில் பேசத் தொடங்கியவர், உருளைக்கிழங்கைப் பற்றிச் சொன்னபோது அந்தச் சொல் மெலனிக்குப் புரியவில்லை என்பதைக் கண்டு, பிள்ளைகளின் வட்டார வழக்குக்கே மாறிப் பேசினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு நோய் கண்டு அழுகிப் பஞ்சம் பரவிய ஆண்டுகள் அவை. மனந்திரும்பும்படி அவர் விடுத்த எச்சரிக்கையைத்தான் மறையுரைகளில் அதிகம் கேட்டிருக்கிறோம். எங்கள் பங்குத்தந்தை குறிப்பிட்ட பகுதி அதற்குப் பின்னால் வருகிறது.

கெட்டுப்போன கோதுமையைப் பார்த்திருக்கிறீர்களா என்று அந்த அம்மாள் கேட்டார். இல்லை என்றார்கள் பிள்ளைகள். நீ பார்த்திருக்கிறாய் மகனே, உன் அப்பாவுடன் என்று மாக்சிமினுக்கு நினைவூட்டினார். ஒரு நிலத்துக்காரர் அழைத்துப்போய்க் காட்டிய கதிர்களை அவனுடைய தந்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்க, அவை தூளாக உதிர்ந்தன. வீடு திரும்பும் வழியில் அவர் மகனுக்கு ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்து, இந்த ஆண்டுக்காவது இதைத் தின்று கொள், கோதுமை இப்படியே போனால் அடுத்த ஆண்டு யார் தின்னப்போகிறார்களோ என்று சொன்னார். மகன் அதை அடியோடு மறந்திருந்தான். வண்டிச் சக்கரம் செய்து பிழைத்தவர் அந்தத் தகப்பன். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். ஆளற்ற பாதையில், கடவுளை நினைத்துக்கூடப் பாராமல் அவர் சொன்ன அந்த வார்த்தையை மாதா அறிந்திருந்தார் என்று மகன் வழியாகக் கேள்விப்பட்ட பிறகு அந்த மனிதர் மனம் மாறினார்.

அந்தத் தகப்பன் சொன்னது செபமே அல்ல, வெறும் கவலை. 'நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்' என்ற ஆண்டவரின் வார்த்தையை என்மேல் எறியப்பட்ட கல்லாகவே இதுவரை வாங்கிவந்த நான், விண்ணகம் ஒரு தகப்பனின் கவலையை வார்த்தை பிசகாமல் நினைவில் வைத்திருந்தது என்பதை நினைத்தபோது, மத்தேயு நற்செய்தியின் அந்த ஆறாம் அதிகாரத்தில் வானகத் தந்தைக்கு உங்கள் தேவைகள் தெரியும் என்ற வரி முன்னதாகவே இருப்பதைக் கவனித்தேன். சிலுவைச் சாவுக்கு முந்தின இரவில் கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே திகிலும் மனக்கலக்கமும் அடைந்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறாரே. பயம் விசுவாசக் குறைவு என்றால் அந்த இரவை எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்பியத்தில் கேட்டவருக்கு இதைச் சொல்ல எனக்கு அன்று தோன்றாமல் போயிற்று.

இருக்கையிலிருந்து எழுந்து சுரூபத்தருகே போனேன். மனப்பாடமான மன்றாட்டு எதுவும் வாயில் வரவில்லை. மகளின் கல்விக்கடன், ஆலையில் ஆள்குறைப்புப் பற்றி அடிபடும் பேச்சு, இரவு இரண்டு மணிக்கு வரும் படபடப்பு, நான் செத்துப்போனால் வீட்டு வாடகையை யார் கட்டுவார்கள் என்ற கணக்கு ஆகிய எல்லாவற்றையும், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதுபோல், எங்கள் திண்டுக்கல் பேச்சிலேயே சொன்னேன்.

வெளியே படியில் மன்னவனூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெழுகுவத்தி ஏற்ற என்னிடம் தீப்பெட்டி கேட்டவர், தாமாகவே, "பூண்டு போட்டிருக்கோம் தம்பி, மழை வேற விடாமப் பெய்யுது, அதான் மாதாகிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். விளைச்சலுக்காக வேண்டிக்கொண்டீர்களா பாட்டி என்று கேட்டேன். "வேண்டலப்பா, சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, காற்றில் அணைந்துபோன மெழுகுவத்தியை மறுபடியும் பற்றவைத்தார்.

இறங்கும் பேருந்திலும் பயம் வரத்தான் செய்தது. வாழைகிரி அருகே ஒருமுறை, டம்டம் பாறையில் ஒருமுறை. முன்பெல்லாம் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இம்முறை, மாதாவே பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே முணுமுணுத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

வத்தலகுண்டில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, இரவு மாத்திரை பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, திண்டுக்கல் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.