வீழ்ந்த தளபதிக்கு எந்தக் கிளாஸ்: அதிரனை மறுபடி கட்டிய அனுபவம்

நான் ஆடும் பாத்திரமான அதிரன், தன் சத்தியத்தை மீறி வீழ்ந்தவன். இனி அவனுக்கு எந்தக் கிளாஸ் (பாத்திரத்தின் தொழில்வகை) பொருந்தும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சென்ற வார இறுதியில் ஜார்ஜ்டவுனில் பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கான எங்கள் குழு கூடியபோது, அவனை ஐந்தாம் லெவல் ஃபைட்டராக (ஆயுதப் போர்வீரனாக), அதிலும் போர் உத்திகளில் தேர்ந்த பேட்டில் மாஸ்டராக, முதன்முறையாக மேசைக்குக் கொண்டுவந்தேன். நான் நினைத்திருந்ததைவிட நன்றாகவே அமைந்தது. எங்கள் மேசையில் இன்னும் 2014ஆம் ஆண்டு விதிகளைத்தான் பின்பற்றுகிறோம். கீழே வரும் கணக்குகள் எல்லாம் அவற்றுக்கு உரியவை.

எங்கள் டிஎம் (கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) உருவாக்கிய உலகம், பழைய கடாரத்தை (இன்றைய கெடாவை) மனத்தில் வைத்து வரைந்தது. மெர்போக் ஆற்று முகத்துவாரத்தைப் போன்ற ஒரு துறைமுகம், அதற்குக் காவலாக ஒரு நீர்வாயில், அந்த வாயிலின் தளபதி அதிரன். கடைசி மனிதர் உள்ளே வரும்வரை வாயிலை விட்டு நகரமாட்டேன் என்று சத்தியம் செய்த பாலடின், அதாவது சத்தியத்தால் தெய்வ வலிமை பெறும் வீரன், அவன். எதிரிப் படைத்தலைவனைத் தன் கையாலேயே வீழ்த்த வேண்டும் என்ற ஆசையில் வாயிலை விட்டு இறங்கிப் போனான். தலைவனை வீழ்த்தியும் விட்டான், ஆனால் அதற்குள் வாயில் போய்விட்டது, உள்ளே இருந்தவர்களும் போய்விட்டார்கள். ஆகவே அவனைக் கெடுத்தது கோழைத்தனம் அன்று, புகழாசை. கிளாஸைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இறுகப் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்: அவன் எதனால் வீழ்ந்தானோ, அதை ஒவ்வொரு சுற்றிலும் கைவிட வைக்கிற கிளாஸாக இருக்க வேண்டும்.

தோற்ற வீரனுக்கு நம் மரபில் ஒரு வழி உண்டு. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேலால் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அந்தப் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அதிரனின் கதையை எழுதும்போது அந்தச் சேரன் என் நினைவை விட்டு அகலவே இல்லை. ஆனால் வடக்கிருந்தவனை வைத்து ஆட முடியாது. நாணம் குறையாமல் நாளை காலையும் எழுந்து நடக்கிற ஒருவன்தான் எனக்கு வேண்டும்.

விதிநூல் இந்த இடத்தில் இரண்டு கதவுகளைத் திறந்து வைக்கிறது. சத்தியத்தை மீறி மனம் வருந்தாத பாலடின், டிஎம் முடிவு செய்தால், கிளாஸையே விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம், அல்லது ஓத்பிரேக்கர் (சத்தியம் முறித்த பாலடின்) ஆகலாம். ஓத்பிரேக்கரைப் பலரும் பரிந்துரைத்தார்கள். எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. அது தீமைக்கே தன்னை ஒப்புக்கொடுத்தவனுக்கு உரியது. அத்துடன், இறந்தவற்றை அடக்கி ஆளலாம், கண்டவர்களை அஞ்ச வைக்கலாம், ஏழாம் லெவலில் கரிஸ்மா (ஆளுமைத் திறன்) போனஸை அப்படியே அடியின் பலத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வீழ்ந்ததற்குப் பரிசு கொடுக்கிற கிளாஸில் பணிவு எங்கிருந்து வரும்? சக்திக்காக ஓர் எஜமானிடம் ஒப்பந்தம் செய்யும் வார்லாக்கும் அப்படியே: ஒரு எஜமானைப் பிரிந்தவன் அடுத்த நாளே இன்னொரு எஜமானிடம் பேரம் பேசுவது பணிந்தவன் செய்யும் காரியம் அன்று. மங்க் எனக்குப் பிடித்த கிளாஸ், ஆனால் அதற்கு வேண்டிய டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) அதிரனுக்கு 9தான். ஓத் ஆஃப் ரிடெம்ப்ஷன் என்ற பாலடின் சத்தியம் மட்டும் மனத்தை இழுத்தது. ஆனாலும் முதல் சத்தியத்தின் கடனே தீராதவன் கையில் இரண்டாவது சத்தியத்தைக் கொடுப்பது அவசரம் என்று பட்டதால் அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

எஞ்சியது ஃபைட்டர். எண்களில் எதையும் மாற்றவில்லை: ஸ்ட்ரெங்த் (வலிமை) 16, கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி) 14, விஸ்டம் (விவேகம்) 14, கரிஸ்மா 16. பாலடினாக இருந்தபோது தெய்வத்தின் பெயரால் பயன்பட்ட அதே கரிஸ்மா, இப்போது தோழர்களை ஊக்கப்படுத்தும் பேட்டில் மாஸ்டரின் ராலி உத்திக்குப் பயன்படுகிறது என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. மூன்றாம் லெவலில் கிடைக்கும் மூன்று உத்திகளாகக் கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக், ராலி, கோடிங் அட்டாக் (எதிரியைச் சீண்டித் தன் பக்கம் இழுப்பது) ஆகியவற்றை எடுத்தேன். இவற்றில் செலவிட நான்கு எட்டுமுகப் பகடைகள் உண்டு. சண்டைப் பாணியில் புரொடெக்ஷன்.

நான் அதிக நேரம் செலவிட்டது கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்கில்தான். அட்டாக் ஆக்ஷன் எடுக்கும்போது என் அடிகளில் ஒன்றை விட்டுக்கொடுத்து, போனஸ் ஆக்ஷனையும் (என் முறையில் கிடைக்கும் கூடுதல் சிறு செயலையும்) ஓர் எட்டுமுகப் பகடையையும் செலவிட்டால், என்னைப் பார்க்கவோ கேட்கவோ முடிகிற ஒரு தோழர் தம் ரியாக்ஷனை (சுற்றுக்கு ஒரு முறை கிடைக்கும் எதிர்வினையை) பயன்படுத்தி உடனே ஓர் அடி அடிக்கலாம். அடி பட்டால் பகடையில் விழுந்த எண்ணும் அதனுடன் சேரும். பெயரில் தளபதி இருந்தாலும், செயலில் இது தன் கையை மடக்கிக்கொண்டு பிறர் கையை ஓங்க விடுவதுதான். புகழுக்காக வாயிலை விட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

இதை யாருக்குக் கொடுப்பது என்பதில் நுட்பம் இருக்கிறது. எங்கள் குழுவில் ரோக் என்ற கள்வர் வகைக் கிளாஸை ஆடுகிற தங்கை ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருகிறார். ரோக்கின் கூடுதல் பகடைத் தாக்குதலான ஸ்னீக் அட்டாக் ஒரு டர்னுக்கு (ஒருவர் ஆடும் முறைக்கு) ஒரு முறைதான், ஆனால் என் டர்ன் வேறு, அவருடைய டர்ன் வேறு. ஆகவே அவர் தம் டர்னில் ஒரு முறை பயன்படுத்தியிருந்தாலும், என் டர்னில் ரியாக்ஷனாக அடிக்கும்போது மறுபடியும் பயன்படுத்தலாம். அதற்குத் தேவையான துணை ஆளாக நானே எதிரியின் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறேன். நான் விட்டுக்கொடுக்கும் வாள்வீச்சு, பட்டால் சராசரியாக 7.5, அவருடைய ரேப்பியர் (மெல்லிய குத்துவாள்) அடி, ஸ்னீக் அட்டாக்கின் மூன்று ஆறுமுகப் பகடைகளும் என் எட்டுமுகப் பகடையும் சேர்ந்து சராசரியாக 23.5.

கணக்கைப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றும் இதையே செய்ய வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஐந்தாம் லெவல் ரோக்குக்கு அன்கேனி டாட்ஜ் உண்டு. தன்மேல் விழும் ஓர் அடியைப் பாதியாக்கும் அந்தத் திறனுக்கும் ரியாக்ஷன்தான் வேண்டும். நான் கொடுக்கிற அடியை ஏற்றுக்கொண்டால், அவர் தம் தற்காப்பை இழக்கிறார். அன்று இரண்டு ஓகர்கள் (ராட்சதர்கள்) எங்களைப் பாலத்தில் மறித்தபோது முதல் சுற்றிலேயே நான் கேட்டேன். "வேணாம் அண்ணே, அது என்னையத்தான் பாக்குது" என்று அவர் மறுத்துவிட்டார். மறுக்க முடிகிறது என்பதுதான் இந்த உத்தியின் உயிர். அந்தச் சுற்றில் என் இரண்டு அடிகளையும் நானே அடித்தேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த சுற்றில்தான் புரொடெக்ஷன் எதற்கு என்பது எல்லோருக்கும் விளங்கியது. கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் என் போனஸ் ஆக்ஷனைத்தான் தின்கிறது. என் ரியாக்ஷன் தொடப்படாமல் இருக்கிறது. கேடயத்துடன் அவருக்கு அடுத்த கட்டத்தில் நின்றால், அவர்மேல் வரும் ஓர் அடிக்கு நான் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடைகளில் சிறியதை எடுக்க வேண்டிய நிலை) கொடுக்கலாம். அதாவது, அவர் எனக்காகத் தம் தற்காப்பை விட்டால், அந்த இடத்தில் என் கேடயம் நிற்கும். இதைச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன், ஒப்புக்கொண்டார். ஓகர் சாய்ந்தது, இரண்டாவது ஓகர் அவர்மேல் வீசிய கதாயுதம் இரண்டு பகடைகளில் சிறியதை எடுக்க வேண்டி வந்ததால் தவறியது. இதற்கு நான் எதிரிக்கும் தோழிக்கும் ஒரே நேரத்தில் பக்கத்துக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு சுற்றும் நகர்வதற்கு முன் கட்டங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வது அவசியம்.

ராலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பகடையும் கரிஸ்மா போனஸும் சேர்த்துத் தோழருக்குத் தற்காலிக ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளிகள்) கொடுக்கலாம். நான்கு பகடைகளையும் இதிலேயே செலவிட்டால் சராசரியாக 30, சிறு ஓய்வெடுத்தால் பகடைகள் திரும்பிவிடும். பாலடின் தொட்டுக் குணமாக்கும் திறனான லே ஆன் ஹேண்ட்ஸ் ஐந்தாம் லெவலில் 25 புள்ளிகள்தான், அதுவும் நெடு ஓய்வுக்கு ஒரு முறை. ஆனால் அந்த 25 புள்ளிகள் உயிரைத் திருப்பித் தரும். தற்காலிக ஹிட் பாயிண்ட், பூஜ்யத்தில் விழுந்து கிடப்பவரை எழுப்பாது. முன்பு தொட்டாலே எழுப்பியவன், இப்போது விழுந்தவர் பக்கத்தில் மண்டியிட்டுக் கட்டுத்துணியைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த இழப்பை டிஎம் ஈடு செய்ய முன்வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பேட்டில் மாஸ்டருக்கு ஒரு கைத்தொழில் கருவியும் கிடைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான் செருப்புத் தைக்கும் கருவிகளை எடுத்தேன். இரவில் முகாமிடும்போது அதிரன் மற்றவர்களின் காலணிகளைச் சீர்செய்கிறான். வாளைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறான்.

மேசையில் வைக்கும் அதிரனின் சிறு உருவமான மினியேச்சர் இன்னும் முடியவில்லை. ரெசினில் அச்சிட்டுத் தரும் ஒருவரிடம் வாங்கியது. முகமும் கவசமும் மிகத் துல்லியமாக வந்திருக்கின்றன, அவரைத் தாராளமாக நம்பலாம். கேடயத்தில் இருந்த சூரிய முத்திரையைச் சிறு கத்தியால் சுரண்டி எடுத்தேன், ஆனால் தேய்த்து வழவழப்பாக்கவில்லை. முத்திரை இருந்த தடம் தெரிய வேண்டும். அடிப்பூச்சான பிரைமரைத் தூரிகையாலேயே பூசப் போகிறேன். பினாங்கின் ஈரக்காற்றில், அதுவும் மழை மாதங்களில், ஸ்ப்ரே பிரைமர் மேற்பரப்பில் மணல்போல் பொருக்குக் கட்டிவிடுகிறது. இத்தனை நுட்பமான முகத்தை அதற்குப் பலி கொடுக்க மனம் வரவில்லை.

அடுத்தது ஆறாம் லெவல். மற்ற கிளாஸ்களுக்குக் கிடைக்காத கூடுதல் மேம்பாடு ஃபைட்டருக்கு அங்கே கிடைக்கிறது. அதில் ஸ்ட்ரெங்த்தை உயர்த்தாமல் குணப்படுத்தும் தனித்திறனான ஹீலர் ஃபீட் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஹீலர்ஸ் கிட் (மருந்துப் பை) ஐந்து பொற்காசு, பத்து முறை பயன்படும். அந்த ஃபீட் இருந்தால், சாகக் கிடப்பவரை நிலைப்படுத்தும்போதே ஒரு ஹிட் பாயிண்ட்டுடன் எழுப்பவும் முடியும். ஏழாம் லெவலில் இன்னும் இரண்டு உத்திகள் வரும். அவற்றில் ஒன்றாக, 2020இல் வந்த துணைநூலில் உள்ள பெயிட் அண்ட் ஸ்விட்ச் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் தோழர் சம்மதித்தால் அவருடன் இடம் மாறிக்கொண்டு, பகடையில் விழும் எண்ணை அவருடைய ஆர்மர் கிளாஸில் (தற்காப்பு எண்ணில்) சேர்க்கலாம். அந்த நூலை மேசையில் அனுமதிப்பதா என்று டிஎம் இன்னும் முடிவு சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்திற்கு முன் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.