சர்ச் ரிசல்ட்டும் பர்மிஷனும்: வேலை நாட்குறிப்பு

ஜூன் 3

ஆபீஸ்ல இருக்குற எல்லா ஃபைலுக்கும் ஒரே சர்ச் பாக்ஸ் வேணுமாம், ஆனா அவங்கவங்களுக்கு எதைத் திறக்க பர்மிஷன் இருக்கோ அது மட்டும்தான் வரணும். ஃபைலையெல்லாம் தேடிப் படிச்சுச் சேக்குற க்ராலர் ப்ரோக்ராம் எல்லாத்தையும் படிக்கிற அக்கவுன்ட்ல ஓடுறதால சம்பள ஷீட்ல இருந்து வழக்கு பேப்பர் வரைக்கும் ஒரே இண்டெக்ஸ்ல (தேடுறதுக்கான பட்டியல்) ஒண்ணா கெடக்கு. யாருக்கு எதைக் காட்டுறதுங்கிறது இனிமே முழுசா நம்ம பொறுப்பு.

ஜூன் 5

ரெண்டு வழி இருக்கு. ரிசல்ட் வந்தப்புறம் ஒவ்வொண்ணுக்கும் அந்த ஃபைல் இருக்குற மூல சிஸ்டத்துகிட்ட "இவருக்கு இதைக் காட்டலாமா"ன்னு கேக்கலாம், பதில் எப்பவும் அப்டேட்டா இருக்கும் ஆனா கொஞ்சமே பர்மிஷன் உள்ள ஆளு தேடினா ஆயிரம் ரிசல்ட்டைத் தூக்கிப்போட்டாதான் முதல் பக்கத்துக்குப் பத்து தேறும், அதுவரைக்கும் அவர் ஸ்க்ரீனைப் பாத்துட்டே உக்காந்திருக்கணும். இன்னொண்ணு, டாக்குமென்ட்டோட ஏசிஎல்லையும் (யார் திறக்கலாம், யார் கூடாதுங்கிற லிஸ்ட்) சேத்தே இண்டெக்ஸ் பண்ணிட்டு க்வெரியிலயே ஃபில்டர் போடுறது. அப்பாச்சி மேனிஃபோல்ட்சிஎஃப்ங்கிற ஓப்பன் சோர்ஸ் க்ராலர் அலவ் டோக்கன் (காட்டலாம்), டினை டோக்கன் (கூடாது)னு பிரிச்சு வெச்சு இப்படித்தான் பண்ணுது. என் ஓட்டு இதுக்குத்தான்.

ஜூன் 9

இன்னிக்கு முழுக்க க்ரூப் தலைவலி. க்ரூப்புக்குள்ள க்ரூப், அதுக்குள்ள இன்னொண்ணு. டாக்குமென்ட்ல ஆளுங்க பேரை விரிச்சு வெச்சோம்னா ஒருத்தர் டிபார்ட்மென்ட் மாறினாலே லட்சக்கணக்குல ரீஇண்டெக்ஸ், அதனால டாக்குமென்ட்ல க்ரூப்போட எஸ்ஐடி (விண்டோஸ் குடுக்குற அடையாள எண்) மட்டும், விரிக்கிறது எல்லாம் தேடுற ஆளு பக்கம். விண்டோஸ்ல ஒருத்தர் சுமார் 1,015 க்ரூப் வரைக்கும் இருக்கலாம், லூசீன்ங்கிற சர்ச் லைப்ரரியில ஒரு பூலியன் க்வெரிக்கு (அண்ட், ஓஆர் போட்டுக் கோக்குற தேடல்) டீஃபால்ட் லிமிட் 1,024 நிபந்தனை, டினைக்கும் அதே லிஸ்ட்டைச் சேத்து ஓஆர் போட்டா வெடிச்சிடும். முழு லிஸ்ட்டையும் ஒரே நிபந்தனையா குடுக்குற டெர்ம்ஸ் க்வெரிக்கு மாத்தியாச்சு, லூசீன் மேல ஓடுற எலாஸ்டிக்சர்ச்ல அதுக்கு டீஃபால்ட்டா 65,536 வரைக்கும் இடம் இருக்கு.

ஜூன் 12

ரிசல்ட்டை மறைச்சா போதும்னு டீம்ல பாதி பேர் நெனைக்கிறாங்க. லிஸ்ட்டை மட்டும் வெட்டிட்டு பக்கத்துல இருக்குற ஃபேசெட் எண்ணிக்கையை (எந்த ஃபோல்டர்ல எத்தனைங்கிறது) அப்படியே விட்டா, "ஆட்குறைப்பு"ன்னு தேடுறவருக்கு லிஸ்ட் காலி, ஆனா ஹெச்ஆர் ஃபோல்டர்ல 7ன்னு காட்டும். வேற என்ன தெரியணும் அவருக்கு? ஆட்டோகம்ப்ளீட்டும் இதே கதைதான், மத்தவங்க டாக்குமென்ட்ல இருக்குற ப்ராஜெக்ட் பேரை அதுவே டைப் பண்ணிக் குடுத்துடும். (எலாஸ்டிக்சர்ச்ல டாக்குமென்ட் லெவல் செக்யூரிட்டி போட்டா இப்படி வார்த்தை எடுத்துக் குடுக்குற சஜெஸ்டரை அதுவே கண்டுக்காம விட்டுடுது, நல்ல விஷயம்.) ஆனா ரிசல்ட்டை வரிசைப்படுத்துற ஸ்கோர் கணக்குக்கு மறைஞ்ச டாக்குமென்ட்டும் சேத்திதான், ஒரு வார்த்தை எத்தனை இடத்துல இருக்குங்கிறது மொத்த இண்டெக்ஸை வெச்சுதான் வருது. பொறுமையா நோண்டுற ஆளுக்கு அதுவே ஒரு துப்பு, அதனால ரொம்ப ரகசியமானதுக்கு தனி இண்டெக்ஸ்னு முடிவு.

ஜூன் 17

பர்மிஷனைப் புடுங்கினப்புறம் இண்டெக்ஸ் அப்டேட் ஆகுற வரைக்கும் ஒரு இடைவெளி இருக்கே, அதுக்கு ஃபில்டர் தாண்டி வந்த அந்த ஒரு பக்க ரிசல்ட்டை மட்டும் மூல சிஸ்டத்துல இன்னொரு தடவை செக் பண்றோம். சிஸ்டம் பதில் சொல்லலன்னா காட்டாதே. ஒரு தடவை வந்த ரிசல்ட்டை எடுத்து வெக்கிற கேஷோட கீயிலயும் க்ரூப் லிஸ்ட்டைச் சேத்தாச்சு, இல்லன்னா டைரக்டரோட ரிசல்ட் ட்ரெய்னிக்குப் போயிடும்.

சாயங்காலம் மேனேஜர் "உங்களுக்கு அனுமதி இல்லாத ரிசல்ட் 4 இருக்குன்னு கீழ ஒரு வரி போட்டா நல்லாருக்குமே"ன்னாரு. ஹெச்ஆர் 7 கதையைத் திரும்பச் சொன்னேன். யோசிச்சு சொல்றேன்னு போயிருக்காரு.