கேக் ஏழு மணிக்கு

ஜூன் 9, 2025, திங்கள்

சனிக்கிழமை விருந்து. பிள்ளைக்கு ஐந்து வயது. வருகிறவர்கள் பிள்ளைகள் 15, பெரியவர்கள் 25. இடம் சிங்கப்பூரில் நம் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளம். நகர மன்ற அனுமதியும் வைப்புத்தொகையும் மே மாதமே முடிந்தன. ஜூன் விடுமுறையின் வார இறுதிகள் சீக்கிரம் போய்விடும். மின் இணைப்பையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிட வேண்டும். அதை மறந்துவிட்டு அன்று மாலை மூன்றாம் மாடியிலிருந்து வயரைத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

இன்றைய வேலை இடத்தைப் பார்ப்பது. காலையில் போய்ப் பார்ப்பதில் பயனில்லை, மாலை 5.30க்குப் போக வேண்டும். ஜூனில் சூரியன் நேர்மேற்கில் இறங்காமல் வடக்கே ஒதுங்கி இறங்குகிறது, மறைய 7.10 ஆகிறது. வடமேற்குப் பக்கம் திறந்த கீழ்த்தளத்தில் ஐந்து மணியிலிருந்தே வெயில் நீளமாக உள்ளே படுத்துக்கொள்ளும். கேக் மேசையும் பலூனும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும். வெயில் விழும் எல்லையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் சனிக்கிழமை மேசையை எங்கே போடுவது என்ற சண்டை கிடையாது. மின்தூக்கிக்கு எதிரே மேசை போடாதீர்கள். பை தூக்கி வரும் அண்டைவீட்டார் ஒவ்வொருவரும் படத்தில் விழுவார்கள், அவர்களுக்கும் சங்கடம்.

புளோக்கில் திடீரென்று துக்கம் நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசி வைக்க வேண்டும். கீழ்த்தளத்தில் ஒருபக்கம் சவப்பெட்டி இருக்க மறுபக்கம் பிறந்தநாள் பாட்டுப் போட முடியாது. விருந்தை வீட்டுக்குள் மாற்றி, வருகிறவர்களை இரண்டு நேரமாகப் பிரித்து வரச் சொல்வதுதான் மாற்று.

நேரக்கணக்கு பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். கேக் வெட்டுவது 7.00. அழைப்பில் 6.00 என்று போட்டால் பாதிப்பேர் 6.40க்கு வருவார்கள்; நம்மவர் வழக்கம், அதற்கு இடம்விட்டே போட்டது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு 6.15. பசித்த ஐந்து வயதுப் பிள்ளையைக் கேக்குக்கு முன்னால் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் கேக்கில் விரல் பள்ளம் நிச்சயம்.

ஜூன் 11, புதன்

சாமான் வாங்கும் நாள். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்கு வேலைநாள் காலையே நல்லது. பண்டான் இலை, தேங்காய்ப்பால், காய்கறி அங்கே. கோக்கோ, காய்கறிக் கொழுப்பு, கேக் அட்டை, உயரமான கேக் பெட்டி எல்லாம் ஃபூன் ஹுவாட் என்ற கேக் சாமான் கடையில் ஒரே நடையில் கிடைக்கும். பையைக் கையோடு எடுத்துப் போங்கள்; 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு.

பிள்ளைகளுக்கான அன்பளிப்புப் பை 15 போதாது, 20 வேண்டும். தம்பி தங்கைகள் சொல்லாமல் வருவார்கள். உள்ளே ஐஸ் ஜெம் பிஸ்கட் பொட்டலம், துணியில் தைத்த ஐந்து கல், பென்சில், உலர்திராட்சைப் பெட்டி. கடலை சேர்ந்த எதுவும் இல்லை. ஒவ்வாமை யாருக்கு என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட இது எளிது. மார்ஷ்மெல்லோவும் கம்மி மிட்டாயும் வேண்டாம். பெரும்பாலும் ஜெலட்டின் சேர்த்தவை. சைவப் பிள்ளைக்கும் ஆகாது, ஹலால் முத்திரை இல்லாவிட்டால் முஸ்லிம் பிள்ளைக்கும் ஆகாது. பாலர் பள்ளி நண்பர்கள் வரும் விருந்தில் இரண்டு தரப்பும் இருக்கும். பிரியாணிக்கும் அதே காரணத்தால் ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரிங். அரிசி பெரியவருக்கு 130 கிராம், பிள்ளைக்கு 70 என்று வைத்தால் 4.3 கிலோ. தொலைபேசியில் 40 பேர் என்று மட்டும் சொன்னால் 40 பெரியவர்களுக்கு அனுப்புவார்கள். பிள்ளைகள் எத்தனை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

இன்றிரவு கேக். முட்டை இல்லாத சாக்லேட் கேக், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். காரணம் சுவையல்ல, குளிர்பெட்டி. வெண்ணெய் கேக் குளிர்பெட்டியில் செங்கல் ஆகிவிடும். எண்ணெய் குளிரிலும் உறையாது, ஆகவே வெளியே எடுத்ததும் வெட்டலாம். விருந்துக்கு இரண்டு நாள் முன்பே சுட முடிவதும் இதனால்தான்.

8 அங்குல வட்டத் தட்டு ஒன்றுக்கு: மைதா 190 கிராம், சர்க்கரை 200 கிராம், கோக்கோ 30 கிராம், சமையல் சோடா 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. ஈரப்பக்கம்: தண்ணீர் 240 மில்லி, எண்ணெய் 80 மில்லி, வினிகர் 1 மேசைக்கரண்டி, வெனிலா கொஞ்சம். மாவுக் கலவையைச் சலித்து, ஈரத்தை ஊற்றி, வெள்ளை மாவு மறையும்வரை மட்டும் கலக்க வேண்டும். 175 செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம். இரண்டு அடுக்குக்கு இரண்டு தட்டு.

இதில் கெடுவது ஒரே இடத்தில். வினிகரும் சோடாவும் சந்தித்த நொடியிலிருந்து குமிழி கிளம்புகிறது. அடுப்பைச் சூடாக்காமல் மாவைக் கலந்துவிட்டு 15 நிமிடம் காத்திருந்தால் கேக் நடுவில் அமுங்கி, அடியில் களியாகிவிடும். இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் அடுப்பில் கொள்ளாதென்றால் இரண்டாவது தட்டின் மாவைப் பிறகு தனியாகக் கலக்குங்கள். மொத்தமாகக் கலந்து பாதியைக் காக்க வைக்காதீர்கள்.

40 பேருக்கு 8 அங்குலக் கேக் போதாது. சிறு துண்டாக 20, 24தான் வரும். கூடவே 9க்கு 13 அங்குலத் தட்டில் அதே அளவை இரட்டித்து ஒன்று. இதற்கு அலங்காரம் தேவையில்லை. மேலே மெல்லிய பூச்சுப் பூசி, முன்கூட்டியே துண்டு போட்டுப் பெட்டியில் வைத்துவிடலாம். முன்னால் வெட்டுவது அழகுக்கு, வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் தட்டு.

ஆறியதும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிக் குளிர்பெட்டிக்குள். சூட்டோடு சுற்றினால் மேல்தோல் ஈரமாகி ஒட்டும்.

ஜூன் 13, வெள்ளி

பூச்சு. ஊரிலிருந்து வரும் செய்முறைகளில் வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் மட்டும் இருக்கும். கீழ்த்தளத்தில் மாலை 30, 31 செல்சியஸ் இருக்கும்போது வெண்ணெய் நிற்காது. வெண்ணெய் 170 கிராம், காய்கறிக் கொழுப்பு 80 கிராம், ஐசிங் சர்க்கரை 500 கிராம், பால் 2 மேசைக்கரண்டி. காய்கறிக் கொழுப்பு உருக இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், அந்தக் கொஞ்சம்தான் நமக்கு அரை மணி நேரம் வாங்கித் தருகிறது. அதற்குமேல் சேர்த்தால் மேல்வாயில் மெழுகுபோல் ஒட்டும். அடித்த கிரீம் இந்த விருந்துக்கு ஆகாது. ஏர்கான் உணவகத்தில் வேண்டுமானால் சரி.

முதலில் மெல்லிய பூச்சு ஒன்று. துகள்களை அது பிடித்துக்கொள்ளும். 20 நிமிடம் குளிரவைத்து, பிறகு தடிமனான பூச்சு. எழுத்து சிவப்பிலோ கறுப்பிலோ வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்த கேக்கின்மேல் இங்குள்ள ஈரக்காற்று பனித்துளியாக உட்காரும், அடர்நிறம் கண்ணீர் வடிக்கும். கேக்கை மூடிய பெட்டியோடு வெளியே எடுத்துப் பெட்டியிலேயே 30 நிமிடம் விட்டால் துளி பெட்டிமேல் படியும். பார்க்க ஆசையாக இருக்கும், திறக்காதீர்கள். சர்க்கரைப் பொம்மைகளைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. மேசைமேல் ஏற்றிய பிறகு கேக்கில் நிறுத்தினால் போதும்.

அகர்அகர் (கடற்பாசி ஜெல்லி): பொடி 10 கிராம், தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 150 கிராம், முடிச்சிட்ட பண்டான் இலை 3. பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிநீரில் போட்டால் கட்டி கட்டியாகும். நன்றாகக் கொதித்துத் தெளிந்தால்தான் இறுகும். ஜெலட்டின் ஜெல்லி நம் வெக்கையில் உருகி ஓடும், அகர்அகர் அசையாது. இரண்டடுக்குக்கு, முதல் அடுக்கின் மேல்தோல் இறுகி உள்ளே சூடு மிச்சம் இருக்கும்போதே தேங்காய்ப்பால் அடுக்கை ஊற்ற வேண்டும். முழுக்க ஆறிவிட்டால் வெட்டும்போது இரண்டும் தனித்தனியே வழுக்கிப் பிரியும். அப்படி ஆறிப்போனால் முள்கரண்டியால் மேலே கோடு கீறிவிட்டு ஊற்றுங்கள். தேங்காய்ப்பாலைக் கடைசியில் சேர்த்து, கொதி வரும் முன் இறக்க வேண்டும். சிட்டிகை உப்பு மறவாதீர்கள்.

பலூன் வளைவு 3 மீட்டருக்கு ஏறக்குறைய 100 பலூன், மின்பம்பு இருந்தால் ஒன்றரை மணி நேரம். 12 அங்குலப் பலூனை 10 அங்குலத்தோடு நிறுத்துங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே கொண்டுபோவதால் விரிவது அற்பம். வெடிப்பது நேர்வெயில் படுவதாலும் கற்காரையில் உரசுவதாலும்தான். தூணில் ஒட்டுநாடா வேண்டாம். சாயம் உரிந்தால் வைப்புத்தொகையில் கைவைப்பார்கள். தூணைச் சுற்றித் தூண்டில் நரம்பு கட்டி அதில் மாட்டலாம். ஹீலியம் பலூன் வேண்டுமென்றால் நாளை மதியத்துக்குமேல் வாங்குங்கள். சாதாரண ரப்பர் பலூன் அரைநாள் மிதந்தால் அதிகம்.

ஜூன் 14, சனி

காலை. ஜூன் மாதத்தில் விடியலுக்கு முன் சுமத்ராப் பக்கமிருந்து காற்றோடு மழை அடித்துச் செல்வது வழக்கம். கீழ்த்தளத்தின் விளிம்பு நனைந்து கிடக்கும். ஆகவே அலங்காரம் மதியத்துக்குப் பிறகுதான்.

11.00. தந்தையர் தினத்துக்கு முதல் நாள் என்பதால் கேக் கடைகளில் கூட்டம். மெழுகுவத்தி, கத்தி எதுவும் இன்றைக்கு வாங்கும்படி வைக்கக் கூடாது.

2.00. சைவ பீஹூன் (அரிசிச் சேமியா). 400 கிராம் பொட்டலம் ஐந்து. பச்சைத்தண்ணீரில் 25 நிமிடம் ஊறினால் போதும். வெந்நீரில் ஊறியது வாணலியில் பொடிப்பொடியாகும். வீட்டு வாணலியில் ஒரு தடவைக்கு ஒரு பொட்டலம்தான். எண்ணெய் 4 மேசைக்கரண்டி, காய்கறி, ஊறிய காளான், அதன்மேல் காளான் ஊறிய தண்ணீரோடு 350 மில்லி, சோயா சாறு 3 மேசைக்கரண்டி, கறுப்புச் சோயா 1. தண்ணீர் கொதித்த பிறகு பீஹூனைப் போட்டு, கரண்டியால் அழுத்தாமல் நீளக்குச்சியால் தூக்கித் தூக்கி விட வேண்டும். ஐந்து தடவையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனி மேசை. “இது சுத்த சைவந்தானாம்மா?” என்று பாட்டிகள் கேட்கும்போது தயங்காமல் பதில் சொல்ல முடிய வேண்டும்.

4.00. மேசை, நாற்காலி, வளைவு. மின்விசிறியைக் கேக் மேசையிலிருந்து திருப்பி வையுங்கள்.

5.30. கேட்டரிங் உணவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நேரமுத்திரை. சமைத்து முடித்த நேரமும் எப்போதுக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். இடைவெளி நான்கு மணி நேரம். 4.30 முத்திரை என்றால் 8.30. அதற்குமேல் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் நம் பழக்கத்தை அன்று மட்டும் விட்டுவிடுவது நல்லது. தாமதமாக வரும் மாமாவுக்குத் தட்டு எடுத்து வைப்பதென்றால் 6.30க்கே எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

6.15. பிள்ளைகளுக்குப் பீஹூன், நகெட், அகர்அகர். தேங்காய்ப்பால் சேர்ந்ததை ஒரு தட்டு முடிந்த பிறகு அடுத்த தட்டு என்று வெளியே எடுங்கள்.

6.20. கேக் பெட்டி குளிர்பெட்டியிலிருந்து வெளியே, மூடியபடி.

6.35. பொட்டலம் கைமாற்றும் ஆட்டம்; பாட்டு நிற்கும்போது பொட்டலம் யார் கையில் இருக்கிறதோ அவர் ஓர் உறையைப் பிரிப்பார். 15 பிள்ளைக்கு 16 உறை, ஒவ்வோர் உறைக்கும் ஒரு ஸ்டிக்கர். பாட்டை நிறுத்துகிறவர் பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்க வேண்டும்; முதுகு காட்டி நின்றால் நியாயமாகத் தோன்றும், ஆனால் இரண்டு பிள்ளைகளுக்குக் கடைசிவரை எதுவும் கிடைக்காது, பிறகு அழுகை.

6.55. பெட்டியைத் திறந்து பொம்மை, மெழுகுவத்தி. கீழ்த்தளம் காற்று ஓடும் சுரங்கம். வெற்றுக் கேக் பெட்டியைக் காற்று வரும் பக்கம் நிறுத்தினால் ஐந்து வத்தியும் எரியும். தலைக்குமேலுள்ள குழல் விளக்கு முகத்தில் நிழல் போடும். படமெடுப்பவர் வெளிச்சம் மிச்சமிருக்கும் மேற்குப் பக்கம் நிற்கட்டும்.

7.00. வெட்டலாம்.

9.30க்கு ஒலிபெருக்கியை நிறுத்தினால் பத்து மணிக்குள் மேசைகள் மடிந்துவிடும். வெடித்த பலூன் துண்டுகளைக் கூட்டுவதற்கு முன் குனிந்து கையால் பொறுக்க வேண்டும். தவழும் குழந்தையின் தொண்டையில் சிக்கும் பொருள்களில் அது மோசமானது.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி முதல் நாள். சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை. பிள்ளையின் பெயர், நட்சத்திரம், ராசி மூன்றையும் தாளில் எழுதிக் கொண்டுபோனால் சீட்டு வாங்கும் வரிசையில் தாத்தாவுக்குத் தொலைபேசி போட வேண்டியதில்லை. நட்சத்திரப் பிறந்தநாள் வேறு தேதியில் வந்தால் அன்றைக்கு இன்னொரு அர்ச்சனை, விருந்து மட்டும் ஒன்றுதான். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். நண்பகலில் நடை சாத்துவார்கள். மாலையில் லிட்டில் இந்தியா முழுக்க விடுமுறை நாள் ஊழியர் கூட்டம், தள்ளுவண்டியோடு நடைபாதையில் நகர முடியாது.

திரும்பியதும் கீழ்த்தளத்தை மறுபடி பார்க்க வேண்டும். தூணில் நரம்பு மிச்சம் இருக்கக் கூடாது. எண்ணெய் பட்ட உணவுப் பெட்டிகள் நீல மறுசுழற்சித் தொட்டியில் சேராது, குப்பையில்தான். காய்ந்த அட்டைப்பெட்டியைத் தட்டையாக்கி நீலத் தொட்டியில் போடுங்கள். குப்பைக் குழாயில் திணித்தால் நடுவில் அடைக்கும். பானங்களுக்கு ஐஸ் போட்ட வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், உள்ளே விரலளவு தண்ணீர் நின்றாலும் கொசு முட்டையிடும். சுத்தமான இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வைப்புத்தொகைக்கு நாளை நகர மன்றத்தில் கேட்க வேண்டும்.