மந்தைச் சாவடியை எடுத்துக் கட்டினோம்

மேலூர் பக்கம் எங்கள் ஊர். ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் ஆலமரத்துக்கு எதிரே, ஊர் கூடி உட்காரும் கல்தூண் நிறுத்திய சாவடி ஒன்று இருக்கிறது. என் அப்பத்தாவுக்கு விவரம் தெரிந்த நாளிலேயே அது பழசு. 2022 மழையில் மேற்குச் சுவரில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழ, "இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுருவோம்" என்று பேச்சு கிளம்பியது. இடிக்கக் கூடாது என்று நின்றவர்களில் நானும் ஒருத்தி. சித்திரை மதியத்திலும் அந்த ஓரிடத்தில்தான் ஃபேன் இல்லாமல் உட்கார முடியும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்தோம். உறவுமுறையில் எனக்குச் சித்தப்பா. விழுந்த பாளத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார். உள்பக்கம் ஈரம் சொதசொத என்று இருந்தது. "விழுந்தது பழைய காரை இல்லத்தா. எவனோ மேல பூசுன சிமெண்டு. செவுரு மூச்சு விடணும், இது வாயைப் பொத்திருச்சு" என்றார். அடியில் இருந்த சுண்ணாம்பைக் கரண்டியால் கீறினார்; கோடுகூட விழவில்லை. சுவருக்குள் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே தேக்கிவிடும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

2023 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைத்தோம். எங்கள் ஊராட்சியில் 3000 பேருக்குள்தான். அதனால் 100 பேர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்தேன். அளவெடுக்க வந்திருந்தவர், சுண்ணாம்பெல்லாம் தாங்காது என்றார். பின்வரிசையில் இருந்த தாத்தா எழுந்து, "1636-ல கட்டுன நாயக்கர் மகால் எதுலங்க நிக்குது?" என்று கேட்டார். தீர்மானம் நிறைவேறியது.

அடுத்தது காகிதம். நிலக்கணக்கான அ-பதிவேட்டில் இடம் மந்தைப் புறம்போக்கு என்றிருந்தது நல்லதாகப் போனது. கோயிலா, பொதுக் கட்டடமா என்று கேட்டார்கள். மந்தைக் கருப்பு சாமி பத்தடி தள்ளித்தான் நிற்கிறார். நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது.

அரசும் ஊரும் சேர்ந்து பணம் போடும் 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர்ப் பங்கு மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். ஆனால் அப்படிக் கட்டினால் டெண்டர் போகும், காண்ட்ராக்டர் வருவார், மறுபடி சிமெண்ட்தான். பாதித் தொகையை ஊரே கட்டினால் வேலையை நாமே செய்துகொள்ளலாம் என்று விதி இருக்கிறது. இப்படிச் செய்ய நினைக்கும் ஊர்க்காரர்கள் இந்த ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். எஸ்டிமேட் 6 லட்சம். ஆக நாங்கள் 3 லட்சம் புரட்ட வேண்டும்.

தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, 500 ரூபாய் என்று பேசினார்கள். அங்கேதான் சிக்கல். ஊர் வரி நோட்டில் காலனி வீடுகள் எழுதியதே இல்லை. புருஷன் இல்லாத பெண்களின் வீடுகளும் கிடையாது. வரி கொடுத்தவனுக்குத்தான் சாவடியில் உரிமை என்பது பழைய பேச்சு. அப்படியானால் எல்லார் வீட்டிலும் வாங்குங்கள், எல்லாரும் ஏறி உட்காரட்டும் என்று நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சொன்னோம். இரண்டு கூட்டம் சண்டையில் கலைந்தது. மாமா முறையாகும் ஒருவர் எங்கள் வீட்டு விசேஷத்துக்கே வரவில்லை. மூன்றாவது கூட்டத்தில் புது நோட்டுப் போட்டார்கள். காலனியிலிருந்து முதல் 500-ஐக் கொடுத்தவர் எழுபது வயதுக்காரர். தன் பேரை எழுதிய பக்கத்தைப் பக்கத்தில் நின்ற பேத்தியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனார். வரியில் விழுந்த துண்டைத் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் அடைத்தார்கள்.

2024 மார்ச்சில் தேர்தல் நடத்தை விதி வந்து ஜூன்வரை எல்லாம் நின்றது. ஆவணியில்தான் வேலையைத் தொடங்கினோம். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி 15 நாள் விட்டோம். கொதித்துப் புகைந்த முதல் நாள் பிள்ளைகளைக் கிட்டவே விடவில்லை. கடுக்காயைத் தட்டி ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்தார்கள். மச்சுக்கு 14 உத்திரம். இரண்டில் மட்டும் கரையான். மாற்று உத்திரம் காரைக்குடிப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டையால் அடித்தார்கள். அடித்தவர்கள் பெண்கள்தான். கட்டை எகிறித் திரும்பும்வரை அடிக்க வேண்டும் என்பது கணக்கு. ஐப்பசி மழைக்குள் மச்சை முடித்தோம். வெளிப்பூச்சை அவசரப்படாமல் தைக்குத் தள்ளினோம். சுண்ணாம்பு மெல்லத்தான் இறுகும். பூசிய சுவரில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுக் காத்தோம்.

இன்னொரு சின்ன மாற்றம். சாவடியின் திண்ணை நெஞ்சு உயரம். ஆம்பளைகள் எக்கி ஏறுவார்கள். பெண்கள் பஸ்ஸுக்கு மரத்தடியில் நிற்பார்கள். வேலை தொடங்கும் முன் ஒரு வாரம் நானும் என் மகளும் மந்தையில் யார், எந்த நேரத்தில், எங்கே உட்காருகிறார்கள் என்று குறித்தோம். காலை ஏழு முதல் எட்டரைவரை நின்றுகொண்டிருந்த பெண்களே அதிகம். அதனால் நிழல் விழும் வடக்குப் பக்கம் ஒன்றரை அடி உயரத்தில் தாழ்ந்த திண்ணை ஒன்றும், ஏறிப்போக மூன்று படிகளும் கட்டினோம். பழைய கல்லையே போட்டதால் தனிச் செலவு பெரிதாக இல்லை.

இப்போது காலையில் அந்தத் திண்ணையில் இடம் கிடைப்பதில்லை. மாலையில் பிள்ளைகள் மேலே புத்தகம் விரிக்கிறார்கள். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் வெள்ளை அடிக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். சுண்ணாம்பு வாங்கும் முறையை அந்தப் புது நோட்டின் வரிசைப்படியே வைத்திருக்கிறோம். இந்த வருஷம் காலனித் தெரு.