விடுதி அறையைத் தக்கவைத்த கதை

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக விடுதிகளில் இரண்டாம் ஆண்டும் தங்க விரும்பினால், விடுதிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கணக்குப் பார்க்கிறார்கள். விளையாட்டு, நாடகம், செயற்குழு என ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. போதாதவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

உட்லண்ட்ஸில் சொந்த வீடு இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்றார் அப்பா. நள்ளிரவில் கூட்டமாகப் போய்ப் புரோட்டா சாப்பிடும் சுகத்தை அவரிடம் எப்படி விளக்குவது?

பந்தைக் கண்டாலே ஒதுங்குகிறவள் நான். அதனால் நாடகத்தின் மேடை அமைப்புக் குழுவில் சேர்ந்தேன். ஒத்திகைக்கு வந்தால்தான் புள்ளி; அட்டைக்குச் சாயம் பூசிவிட்டு, அதே கையோடு காலை விரிவுரைக்கு ஓடிய நாள்கள் உண்டு. அதுவும் போதாதென்று, புதிய மாணவர்களுக்கான வரலாற்றுப் பலகையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாருக்கும் வேண்டாத வேலை என்பதால் போட்டியே இல்லை.

வேண்டா வெறுப்பாகத் தொடங்கியது, பிறகு விடவில்லை. 1905இல் சிப்பாய் லைன்ஸ் பகுதியில், பழைய பெண்கள் மனநல மருத்துவமனைக் கட்டடத்தில், 23 மாணவர்களோடு தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் எங்கள் பல்கலைக்கழகத்தின் வேர். டான் ஜியாக் கிம் தலைமையில் வணிகர்கள் திரட்டிய தொகை 87,077 வெள்ளி. அதில் 12,000 அவருடையது. அந்தப் பள்ளி பின்னர் பெற்ற ஏழாம் எட்வர்ட் மன்னரின் பெயரும், ராஃபிள்ஸ் கல்லூரியின் பெயரும் இன்றும் எங்கள் வளாகமான கெண்ட் ரிட்ஜில் விடுதிப் பெயர்களாக இருக்கின்றன. இரண்டு கல்லூரிகளும் 1949இல் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1980இல், அதன் சிங்கப்பூர்ப் பிரிவிலிருந்து உருவான சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் சேர்ந்ததில் பிறந்தது இன்றைய பெயர். நன்யாங் எழும்ப மூன்று சக்கர ரிக்‌ஷா மிதித்தவர்கள்கூடக் காசு கொடுத்திருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகத் ‘தமிழ் முரசு’ நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதித் திரட்டையும் பலகையில் சேர்த்தேன். இடமில்லை என்றார் குழுத் தலைவர். எட்வர்ட் மன்னரின் படத்தைச் சிறிதாக்கினேன், இடம் வந்துவிட்டது.

பட்டியலில் என் பெயரும் இருந்தது, ஏறக்குறைய அடியில். குளிர்சாதனம் இல்லாத மாடி அறை.

முயல நினைப்பவர்கள் முதல் பருவத்திலேயே ஒரு குழுவைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் விடுதியில் பாதியில் சேர்ந்தவர்களுக்குப் புள்ளியும் பாதிதான்.